மனப் பாரமும் உடலின் கணக்கும்

(கும்பாபிஷேக விழா மேடையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாகசாலையில் அடுத்த காலப் பூசை தொடங்க இன்னும் சிறிது பொழுது இருக்கின்றது. அதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்பது திருப்பணிக் குழுவினர் இட்ட கட்டளை. பேசும் பொருளையும் அவர்களே தந்தார்கள். முதலில் நான் தயங்கினேன். கல்லூரியில் மனோதத்துவம் கற்பித்துக் காலங் கழித்தவன் நான். ஆகமமோ சாத்திரமோ முறையாகக் கற்றவனல்லன். “சந்நிதிக்கு வருவோரில் பலர் மனத்தில் ஒரு பாரத்தோடுதான் வருகின்றார்கள். அந்தப் பாரம் உடலை என்ன செய்கின்றது, அதை அளக்க முடியுமா என்று உங்கள் நூல்கள் கூறுவதைச் சொன்னால் போதும்” என்று குழுத் தலைவர் கூறிய பின்னரே இசைந்தேன்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நலம். இக்காலத்தில் ‘மன அழுத்தம்’ என்னும் சொல்லை இரு வேறு பொருள்களில் வழங்குகின்றோம். ஒன்றிலும் நாட்டமின்றி, உறக்கமும் உணவும் குன்றி, உயிர் வாழ்வதே வெறுத்துப்போகும் நோய்நிலை ஒன்று உண்டு. அது மனச்சோர்வு என்னும் நோய். மருத்துவரிடம் செல்ல வேண்டியது. நான் இன்று பேசப் புகுவது அதனையன்று. தாங்க வேண்டிய சுமை, தாங்கும் வலிமையை மிஞ்சுகின்றது என்று மனிதன் உணரும் நிலையையே இங்கு மன அழுத்தம் என்கின்றேன். நம் பாட்டிமார் இதை ‘மனப் பாரம்’ என்றார்கள். அச்சொல்லே எனக்கு உவப்பானது.

மனம் கலங்கினால் உடல் கலங்கும் என்பது எவரும் அறிந்ததே. ஆயினும் எந்த உறுப்பு, எவ்வாறு, எவ்வளவு என்று ஆய்ந்து கூற ஒருவர் வரவேண்டியிருந்தது. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மாணவராயிருந்த வால்டர் கேனன் என்பவர், அப்போது புதிதாய்க் கண்டறியப்பட்டிருந்த எக்ஸ் கதிர்களைக்கொண்டு பூனைகளின் வயிற்றில் உணவு செரிக்கும் அசைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அமைதியாய் இருக்கும்வரை இரைப்பை அலையலையாய் அசைந்தது. பூனை அஞ்சியபோதோ சினந்தபோதோ அவ்வசைவு முற்றிலும் நின்றது. பிறர் இதனைத் தம் ஆய்வுக்கு நேர்ந்த இடையூறு எனத் தள்ளியிருப்பர். அவரோ அவ்விடையூற்றையே ஆய்வுப் பொருளாக்கினார். 1915ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் நிகழும் மாறுதல்களை விரித்துரைத்தது.

அவர் கண்டது இது: ஆபத்து எதிர்ப்பட்டவுடன், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியிடுகின்றது. செரிமானம் நிறுத்தி வைக்கப்படுகின்றது. இரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகின்றது; காயம் பட்டால் விரைவில் உறையவும் ஆயத்தமாகின்றது. போரிடுவதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. வழியில் புலி எதிர்ப்பட்ட ஒருவனுக்கு இதனினும் சிறந்த உதவி இல்லை. ஆனால் கடன் பத்திரமும் நீதிமன்ற வாய்தாவும் புலியல்லவே! அவற்றோடு போரிடவும் முடியாது, ஓடவும் முடியாது. ஏற்பாடு மட்டும் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கின்றது.

கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்பவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார். புதிய சுரப்பு நீர் ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்னும் ஆவலோடு எலிகளுக்குச் சில சாறுகளை ஊசி வழியே செலுத்தினார். எலிகளின் அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. நோயெதிர்ப்புக்குத் துணையான தைமஸ் சுரப்பி சுருங்கியது. வயிற்றில் புண்கள் தோன்றின. பெருமகிழ்ச்சி கொண்டார். ஆனால் வேறெந்த நச்சுப் பொருளைச் செலுத்தினாலும் அதே மூன்று குறிகள்! கடுங்குளிரில் வைத்தாலும், ஓயாது ஓடச் செய்தாலும் அவையே! புதிய சுரப்பு நீர் என்னும் கனவு கலைந்தது. எனினும் 1936இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய சிறு கடிதமே இத்துறைக்கு வித்தாயிற்று. உடல் முதலில் திடுக்கிடுகின்றது. பின் எதிர்த்து நிற்கின்றது. சுமை நீங்காவிடின் இறுதியில் ஓய்ந்து விழுகின்றது என மூன்று நிலைகளை அவர் வகுத்தார்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறக் கடமைப்பட்டுள்ளேன். எலியின் வயிற்றுப் புண்ணைக் கண்டு, மனிதரின் வயிற்றுப் புண்ணுக்கும் கவலையே முதற்காரணம் என்று பல்லாண்டுகள் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982இல் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர் இருவர், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று காட்டத் தொடங்கினார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வயிற்றுப் புண் கண்டவரிடம் “கவலையை விடுங்கள், சரியாகிவிடும்” என்று கூறி மருந்தைத் தள்ளிப்போடச் செய்தல் தவறு. மனத்தின் வலிமையைப் பேசுவோர் மருந்தின் வலிமையை மறைத்தல் ஆகாது.

செல்யே அவர்களின் கருத்தில் வேறொரு குறையும் இருந்தது. எத்தகைய துன்பமாயினும் உடல் ஒரேவகையாய் எதிர்வினை புரியும் என்றார் அவர். அங்ஙனமாயின், உண்ணாதிருத்தல் உடலுக்கு ஒரு துன்பந்தானே? விரதம் இருப்போர் எல்லோர் உடலிலும் அப்பதற்றம் தோன்ற வேண்டுமன்றோ? அமெரிக்க இராணுவ ஆய்வு நிலையம் ஒன்றில் பணியாற்றிய ஜான் மேசன் இதனைக் குரங்குகளிடம் சோதித்தார். பல குரங்குகள் உண்ணும்போது இரண்டுக்கு மட்டும் உணவு மறுக்கப்பட்டது. அவற்றின் உடலில் அழுத்தத்துக்குரிய சுரப்பு நீர் மிகுந்தது. பின்னர்ப் பிற குரங்குகள் உண்பதைக் காணாதபடி தனியே வைத்து, பழச் சுவை ஊட்டிய, சத்தே இல்லாத வில்லைகளை வயிறு நிரம்பத் தந்தார். சத்து கிட்டாமை முன்போலவே இருந்தது. சுரப்பு நீரோ பெரிதாய் மிகவில்லை. வருத்தியது பட்டினியன்று, தனக்கு மட்டும் மறுக்கப்படுகின்றது என்னும் உணர்வே. 1971இல் அவர் இதனை எடுத்துக்காட்டிச் செல்யேயின் கொள்கையை மறுத்தார். பிரதோஷத்தன்று தாமே விரும்பி உபவாசம் இருப்பவர் முகத்தையும், விருந்தில் இலை கிடைக்காமல் திரும்பியவர் முகத்தையும் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

கலிபோர்னியாவில் ரிச்சர்டு லாசரஸ் என்னும் உளநூல் அறிஞர் இதே உண்மையை மனிதரிடம் கண்டார். தொழிற்சாலை விபத்துகளைக் காட்டும் கொடிய திரைப்படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டி, அவர்களுடைய இதயத் துடிப்பையும் உள்ளங்கை வியர்வையையும் கருவியால் குறித்தார். சிலருக்கு மட்டும் படம் தொடங்குமுன், இது நடிப்பு, ஒருவருக்கும் காயம் படவில்லை என்று கூறப்பட்டது. அவர்களுடைய உடல் மற்றவர் உடலைவிடக் குறைவாகவே பதறியது. கண் கண்டது ஒன்றே. கருத்து கொண்ட பொருள் வேறு. சூசன் போக்மன் என்னும் அம்மையாருடன் 1984இல் அவர் எழுதிய நூலில், துன்பம் வருங்கால் மனம் இரு வினாக்களை எழுப்புகின்றது என்றார். இதனால் எனக்கு என்ன கேடு? இதனைத் தாங்க என்னிடம் என்ன இருக்கின்றது? இவ்விரண்டுக்கும் மனம் தரும் விடையே அழுத்தத்தின் அளவு. இரண்டாம் வினாவை மறவாதிருக்க வேண்டுகிறேன். பின்னர் அதற்கு மீளுவேன்.

இனி அளப்பது எங்ஙனம்? 1967இல் சியாட்டில் நகரின் ஹோம்ஸ், ராஹே என்னும் இருவர் வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு எண் இட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழத்தல் 100, மணமுறிவு 73, திருமணம் 50, வேலையிலிருந்து ஓய்வு பெறல் 45, வீடு மாறுதல் 20. அவர்கள் ஊர்ப் பெருவிழாவாகிய கிறிஸ்துமசுக்கும் 12! (மகளின் திருமணத்துக்கு எத்தனை என்று நம் ஊர்த் தந்தையரைக் கேட்டிருந்தால் என்ன எண் சொல்லியிருப்பரோ!) இன்பமும் உடலை ஒரு புதிய ஒழுங்குக்கு மாற்றச் சொல்கின்றது என்பதை அவர்கள் உணர்ந்தது சிறப்பு. ஆயினும் ஓராண்டு எண்களைக் கூட்டிப் பார்த்து இன்னார்க்கு நோய் வரும் என்று கூறும் வலிமை அப்பட்டியலுக்கு மிகக் குறைவே. கணவனை இழந்த இருவரில் ஒருவர்க்கு உற்றார் உண்டு, மற்றவர்க்கு இல்லை எனின், இருவர்க்கும் 100 என்று எழுதுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே ஷெல்டன் கோஹன் என்பவரும் அவர்தம் துணைவரும் 1983இல் வேறு வழி கண்டனர். நிகழ்ச்சிகளை எண்ணாமல், கடந்த ஒரு மாதத்தில் வாழ்க்கை தம் கையை மீறிப் போவதாக எத்தனை முறை தோன்றிற்று, இடர்கள் குவிந்து மலைக்கச் செய்தனவா, எதிர்கொள்ள முடியும் என்னும் துணிவு இருந்ததா என்று வினவினார்கள். 14 வினாக்கள் கொண்ட அவ்வினாநிரலும் பின்னர் அதனைச் சுருக்கிய 10 வினா வடிவமும் உலகெங்கும் இன்று வழங்குகின்றன.

வாய் மறைப்பதை உடல் மறைப்பதில்லை. அட்ரினல் சுரப்பியின் மற்றொரு நீர் கார்ட்டிசால். அது உமிழ்நீரிலும் வெளிப்படும். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தார் 1993இல் வகுத்த சோதனை ஒன்றைக் கேளுங்கள். சிறிது நேரமே ஆயத்தம் செய்ய விட்டு, முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாத நடுவர்முன் ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். பின் 1022 என்னும் எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். பிழை நேர்ந்தால் முதலிலிருந்து! கன்னத்தில் பஞ்சை அடக்கி உமிழ்நீர் எடுத்துப் பார்த்தால், சில நிமிடங்களுக்குப் பின் கார்ட்டிசால் பன்மடங்கு உயர்ந்திருக்கக் காணலாம். உங்கள் முன் நிற்கும் எனக்கு அதனைச் சோதிக்கத் தேவையில்லை!

கார்ட்டிசால் நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதன்று. விழித்தெழுந்து அரைமணியளவில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் மிகக் குறையும். ஆதலால் ஒருநாள் ஒருமுறை இரத்தம் எடுத்து, அவ்வொரு எண்ணைக் கொண்டு ஒருவரின் மன அழுத்தத்தை எடைபோட இயலாது. இக்குறையை நீக்கத் தலைமயிர் துணை புரிகின்றது. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கின்றது. வளரும்போதே கார்ட்டிசால் அதில் படிகின்றது. தலையை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் மயிர் கடந்த மூன்று மாதங்களின் கணக்கு. அதற்கு வெகு தொலைவில் உள்ளது நீராடி நீராடிக் கரைந்துபோம். நேர்ந்துகொண்டு முடி காணிக்கை செலுத்துவோரை இனிப் பார்க்கும்போது எனக்கு இந்நினைவு வாராமற் போகாது.

இவ்விழாவிற்குக் காரணமான அஷ்டபந்தனத்தை எண்ணுங்கள். கொம்பரக்கும் குங்கிலியமும் மெழுகும் எருமை வெண்ணெயும் பிறவும் சேர்த்து இடித்துச் சாத்திய மருந்து, நாள்தோறும் திருமஞ்சன நீர் பட்டுப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளில் தேய்கின்றது. ஒருநாள் நீரால் அது தேய்ந்ததன்று. புரூஸ் மெக்யூவன் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1993இல் உடலின் தேய்மானத்தை இவ்வாறே கருதினார்கள். இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு, கார்ட்டிசால் முதலிய பத்து அளவுகளைச் சேர்த்துப் பார்த்து அத்தேய்மானத்தைக் கணிக்கும் முறையும் பின் எழுந்தது.

மனப் பாரம் உடலில் நோயாகும் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்பீர்கள். 1991இல் வெளியான ஆய்வு ஒன்றில், இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 394 நலமுள்ளோர் தாமே முன்வந்து மூக்கில் சளிக்கிருமித் துளிகளை ஏற்றனர். முன்னரே அவர்களுடைய மன அழுத்தம் அளக்கப்பட்டிருந்தது. மிகக் குறைந்த அழுத்தமுடையோரில் நூற்றுக்கு 27 பேர் அளவிலும், மிக்க அழுத்தமுடையோரில் நூற்றுக்கு 47 பேர் அளவிலும் சளி பிடித்தது. கிருமி எல்லோர்க்கும் ஒரே முறையில் இடப்பட்டதுதான்.

என் மனத்தைத் தொட்ட ஆய்வு மற்றொன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கீகோல்ட்-கிளேசர் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 1995இல் வெளியிட்டது. நினைவு அழிந்த உறவினரை வீட்டில் வைத்துப் பேணும் பெண்கள் 13 பேர். அதே வயதினராய், அச்சுமை இல்லாத பெண்கள் 13 பேர். இருசாரார் முன்கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் சிறு தோல் துண்டு எடுக்கப்பட்டது. புண் ஆறிவிட்டதா என்று புகைப்படம் எடுத்தும், மருந்து இட்டால் நுரைக்கின்றதா என்று பார்த்தும் கணக்கிட்டார்கள். சுமையற்றோர்க்கு ஏறத்தாழ 39 நாளில் ஆறியது. பேணுவோர்க்கு ஏறத்தாழ 49 நாள் ஆயிற்று.

இதனைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. என் தந்தையார் வாதநோயால் படுத்த படுக்கையாய்ச் சில ஆண்டுகள் கிடந்தார். அன்னையார் ஒருவரே அவரைத் தூக்கிக் கிடத்தி, கழுவித் துடைத்து, ஊட்டி வந்தார். ஒருமுறை சோறு வடிக்கையில் அவர் கையில் கஞ்சி பட்டுப் புண்ணாயிற்று, நெடுநாள் ஆறவில்லை. “கவனக் குறைவு, தண்ணீரில் கைவைத்துக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும்?” என்று பிள்ளைகள் நாங்கள் கடிந்தோம். அவர்க்குச் சர்க்கரை நோய் இருந்ததோ என்னவோ, எவரும் சோதித்ததில்லை. ஆகவே மனப் பாரமே காரணம் என்று இன்று நான் கூறத் துணியேன். ஆனால் எங்களுள் ஒருவரேனும் ஓர் இரவு அவரைப் படுக்கச் சொல்லிவிட்டுத் தந்தையார் அருகில் அமர்ந்திருக்கலாம். அமரவில்லை. நலம் விசாரிக்க வந்தவர்களோ, போகும்போது வாயிலில் நின்று, “எந்த ஜன்மத்துப் பாவமோ!” என்று அன்னையார் காதில் விழவே கூறிச் சென்றார்கள்.

அச்சொல் செய்யும் கேட்டையும் அளந்தவர் உண்டு. அமெரிக்காவில் சமயமும் உளநூலும் சேர்ந்த ஆய்வுகளில் பெயர் பெற்ற கென்னத் பார்கமெண்ட் என்பவரும் அவர் குழுவினரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வட கரோலினாவில் மருத்துவமனையில் இருந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளரை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தனர். அவருள் 176 பேர் இறந்தனர். நோயின் கடுமை, வயது, மனச்சோர்வு முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும், ‘கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ’ என்று ஏங்கியவர்க்கு இறப்பின் அபாயம் நூற்றுக்கு 28 பங்கு மிகுதியாய் இருந்தது. ஏக்கமே கொன்றது என்று இதனால் நிறுவப்பட்டதாகக் கொள்ளலாகாது. இரண்டும் உடன் சென்றன என்பதே முடிவு. அவர்கள் கிறித்தவ நாட்டு மக்கள்; கேட்ட வினாக்களும் அவர்தம் சமயத்துக்கு ஏற்றவை. ஆயினும் கைவிடப்பட்டோம் என்னும் எண்ணம் எச்சமயத்தார்க்கும் பொதுவன்றோ?

லாசரஸ் கூறிய இரண்டாம் வினாவுக்கு இப்போது மீளுகின்றேன். ‘தாங்க என்னிடம் என்ன இருக்கின்றது?’ என்று கேட்கும் மனத்துக்கு, அடியார்கள் தரும் விடை ‘இறைவன் இருக்கின்றான்’ என்பது. அவ்விடை உள்ளத்தில் ஊன்றியவர் தாங்குகின்றார். நோயாளியிடம் சென்று ‘இது நீ செய்த பாவம், அவன் தந்த தண்டனை’ என்போர், கையிலிருந்த அவ்வொரு பற்றுக்கோட்டையும் பறித்துவிடுகின்றார்கள். சமயம் பேசிக்கொண்டே இதனைச் செய்கின்றார்கள் என்பதே எனக்குப் பெரும் வருத்தம்.

பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் சூலைநோயால் துடித்த இடத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவர் வேற்றுச் சமயத்துக்குச் சென்று தமக்கையாரைப் பல்லாண்டு தவிக்கவிட்டவர். நோய் பொறாது இரவில் திருவதிகைக்கு வந்து திலகவதியார் அடிகளில் விழுந்தார். கடிந்துரைக்க அம்மையாருக்கு எத்தனை காரணம் இருந்தது! அவர் தம்பியை எழுந்திருக்கச் சொன்னார். இது இறைவன் அருள் என்றார்; உன்னைத் தண்டித்தான் என்னவில்லை, ஆட்கொண்டான் என்றார். நோய் அதே நோய்தான். அதற்கு அம்மையார் உரைத்த பொருள் வேறு. திருநீறு தந்தார். திருப்பள்ளியெழுச்சி வேளையில் அலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, வழக்கமான தம் திருத்தொண்டுக்குப் புறப்பட்டபோது, தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார்.

யாகசாலையில் மணி ஒலிக்கின்றது.